ஜோடிப்புறாவில் இரண்டு ராகு காலம்

பதினோரு வருஷமாகச் சந்திரகலா லீவே எடுத்ததில்லை என்று சொன்னால் அது பொய். மூன்று தடவை எடுத்தாள். மூன்று தடவையும் கிள்ளானிலிருந்து பங்கோர் தீவுக்குப் புறப்பட்டாள். முதல் தடவை கோலசிலாங்கூரில் போன் வந்தது, திரும்பினாள். இரண்டாம் தடவை சபாக் பெர்ணத்தில் வந்தது, திரும்பினாள். மூன்றாம் தடவை லுமுட் படகுத்துறையில் ஒரு கால் படகிலும் ஒரு கால் பலகையிலுமாக நின்றபோது வந்தது. அன்றைக்கு அவள் கணவர் திருச்செல்வம் கடலைப் பார்த்த பார்வையில் கடலே நாலடி உள்வாங்கிக்கொண்டது.

போன் செய்தவர் மூன்று தடவையும் ஒரே ஆள்தான்: அவளுடைய முதலாளி கண்ணப்பன். எழுபது வயது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மூன்றாம் மாடியில் 'ஜோடிப்புறா திருமணச் சேவை' நடத்துகிறார். கீழே மாலை கட்டும் கடை, நடுவில் பட்டுப்புடவைக் கடை, மேலே பொருத்தம் பார்க்கும் இடம். ஏறும்போது தனியாக ஏறுகிறவர்கள் இறங்கும்போது பாதிக் கல்யாணத்தை முடித்துக்கொண்டுதான் இறங்குவார்கள். மலேசியாவில் கல்யாணமாகாத தமிழர்கள் அத்தனை பேருடைய ஜாதகமும் தம்மிடம் இருக்கிறது என்று கண்ணப்பன் சொல்வார். ஆனவர்கள் சிலருடையதும் இருக்கிறது. அதை அவர் சொல்ல மாட்டார்.

இத்தனை ஜாதகத்தையும் சுமப்பவை பின்னறையில் ஓர் இரும்பு அலமாரிக்குள் அடுக்கிய மூன்று சர்வர்கள். அந்த அறையின் ஏர்கோன் போடுகிற குளிரில் மீன் விற்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் மூன்று பெட்டி. உள்ளே ஓடுவதோ பத்தொன்பது கணினிகள். கையால் தொட முடியாத, மென்பொருளாலேயே ஆன கணினிகள். தொழிலில் வி.எம். என்பார்கள். அவற்றைப் பார்த்துக்கொள்ளும் சந்திரகலா புதிதாக வருகிறவர்களுக்கு ஒரே வரியில் விளக்கிவிடுவாள்.

"மூணு வீடு, பத்தொம்பது குடித்தனம். அவ்ளோதான் லா."

ஒரு குடித்தனம் படங்களைக் காட்டும். ஒன்று மின்னஞ்சல் அனுப்பும். நான்கு குடித்தனங்கள் ராப்பகலாகப் பொருத்தம் பார்க்கும். பக்கத்தில் இருப்பவருக்கு மூச்சு விட இடம் தராத கனத்த ஆசாமிகள் இவை. ஒரு வீட்டில் கூட்டம் அதிகமானால், இடமிருக்கும் வீட்டுக்கு ஒரு குடித்தனத்தை மாற்றிவிட பேலன்சர் என்று ஒரு மென்பொருள் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றும். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருக்கும், வீடு மாறியிருக்கும், பால் ஒரு சொட்டுச் சிந்தாது.

பேலன்சருக்குச் சந்திரகலா ஒரே ஒரு கண்டிப்பான உத்தரவு போட்டிருந்தாள். எல்லா ஜாதகங்களும் இருக்கும் மெயின் என்ற குடித்தனமும், அதன் நகலாகிய காப்பியும் ஒரு நாளும் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது. அந்த வீடு படுத்தால் இரண்டும் சேர்ந்து போய்விடும் அல்லவா?

கண்ணப்பனுக்கு இது பிடிக்கவே இல்லை.

"ஏம்மா சந்திரா, நாம ஊரையே சேத்து வைக்கிறோம். நம்ம ஆபீஸ்லயே ரெண்டு பேரப் பிரிச்சு வச்சிருக்கியே, நல்லாவா இருக்கு?"

"சேந்து வாழ்ந்தா சேந்து போயிடுவாங்க, பாஸ். பிரிஞ்சிருக்கிறதாலதான் நாம பொழைக்கிறோம்."

அவர் அதை அரை மனசோடு விட்டுக்கொடுத்தார். ஆனால் குடித்தனங்கள் நாள் முழுக்கத் தாமாக வீடு மாறுகின்றன என்று கேள்விப்பட்ட அன்று நாற்காலியிலிருந்தே எழுந்துவிட்டார்.

"நாள் முழுக்கன்னா? ராகு காலத்துலயுமா?"

ராகு காலத்தில் எவனாவது வீடு மாறுவானா? அதுவும் கல்யாண வீடுகளின் ஜாதகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு? அன்று சாயங்காலமே சந்திரகலா காலண்டரைப் பார்த்து ஏழு நாளைய ராகு காலத்தையும் பேலன்சரில் ஏற்றினாள். அந்த நேரங்களில் அது தானாக எதையும் நகர்த்தாது. 'இன்னாரை இங்கே மாற்றலாம்' என்று திரையில் யோசனை மட்டும் எழுதிவிட்டுக் கைகட்டி நிற்கும். மனுஷர் யாராவது பார்த்துச் சம்மதித்து அழுத்தினால்தான் மாற்றும்.

உலகத்தில் எத்தனையோ லட்சம் சர்வர்கள் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு வேலையை நிறுத்திக் கைகட்டி நிற்பவை இந்த மூன்றாகத்தான் இருக்கும்.

கதை இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கண்ணப்பனின் மனைவி இந்திரா ஆச்சிதான் ஜாதகப் பிரிவின் தலைமை. மறுநாள் அவர் சந்திரகலாவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அவர் சொன்ன நேரம் காரைக்குடிக் காலண்டர் நேரம். அங்க சூரியன் ஆறு மணிக்கு வருவார். இங்க ஏழேகாலுக்குத்தான் எந்திரிக்கிறார். ராகு மட்டும் எப்படி முன்னாடியே எந்திரிப்பார்? வெள்ளிக்கிழமை இங்க பதினொன்னே முக்கால்லேருந்து ஒண்ணேகால். நீ அதையே போடு."

"பாஸ்கிட்டச் சொல்லிட்டுப் போடவா ஆச்சி?"

"சொன்னா உன்னையும் விட மாட்டார், என்னையும் விட மாட்டார். போடு."

சந்திரகலா யோசித்தாள். ஒருவர் சம்பளத்தில் கையெழுத்துப் போடுபவர்; இன்னொருவர் அந்தக் கையெழுத்துக்குப் பேனா கொடுப்பவர். அவள் இரண்டு ராகு காலத்தையும் போட்டுவிட்டாள். இரண்டையும் சேர்த்தால் வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து ஒன்றேகால் வரை பேலன்சர் நோன்பு இருக்கும். ஆறு வருஷமாக இது அவளுக்கும் ஆச்சிக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம்.

இப்போது நான்காம் தடவையாகத் திருச்செல்வம் பங்கோரில் ஓர் அறை போட்டிருந்தார். கிள்ளானில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிப்ட் ஓட்டுகிறவர், சாதாரணமாக அதிகம் பேசாதவர். இந்தத் தடவை பேசினார்.

"கலா, இந்தத் தடவ நீ வரலன்னா நான் தனியாவே போறேன். போயி ரெண்டு பேருக்கும் சேத்துச் சாப்பிடுவேன்."

சந்திரகலா கண்ணப்பனிடம் போய் நின்றாள். செவ்வாயிலிருந்து நாலு நாள். கண்ணப்பன் நாற்காலியில் சாய்ந்தார்.

"தரேன். ஆனா வர்ற வெள்ளிக்கிழம ஒரு நாள் சோதன. காலையில ஒம்பதுலேருந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும் நீ என் எதிர்ல சோபாவுல உக்காரணும். கீபோர்ட்ல உன் விரல் படக்கூடாது. நீ இல்லாம அது பொழச்சா, நீ போ. படுத்தா, லீவு கட்."

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்குச் சந்திரகலா சோபாவில் உட்கார்ந்தாள். எதிரே சுவரில் பெரிய திரை. அதில் மூன்று வீட்டின் சுமையையும் காட்டும் மூன்று பச்சைத் தூண்கள். இரண்டு கையாலும் ஒரு தே தாரிக் தேநீர்க் குவளையைப் பிடித்துக்கொண்டாள். வரவேற்பில் இருக்கும் உஷாராணி எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, போலீஸ்ல புடிச்ச மாதிரி உக்காந்திருக்கீங்க."

"சும்மா இருக்கிறதுக்குக் கூட டிரெய்னிங் வேணும்டி. கை நமநமங்குது."

பத்து மணி, பதினொரு மணி. தூண்கள் மூன்றும் ஒரே உயரத்தில் அடக்கமாக நின்றன. கண்ணப்பன் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை திரையைப் பார்த்து, ஒன்றும் கெடாததில் கொஞ்சம் ஏமாந்துபோனார். சோதனை என்றால் வினாத்தாள் வேண்டாமா? பன்னிரண்டு அடித்தது. அவர் கணக்கில் ராகு போயாகிவிட்டது. எழுந்தார், வேட்டியை மடித்துக் கட்டினார்.

"நீ லீவுல போன நேரத்துல ஒரு வீடு படுத்தா என்னாகும்? பாத்துடுவோம்."

நேராகப் பின்னறைக்குப் போய், இரண்டாம் சர்வரின் பின்னாலிருந்த ஒயரைப் பிடுங்கினார். பதினோரு வருஷத்தில் அந்த அறைக்குள் அவர் கால் வைப்பது அதுதான் முதல் தடவை.

ஒன்றும் ஆகவில்லை. விளக்குகள் கண்சிமிட்டிக்கொண்டே இருந்தன.

"என்னம்மா இது, சாகலயே?"

சந்திரகலா வாசலில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு ஒயர் பாஸ். ஒண்ணு போனா இன்னொண்ணு தாங்கும்."

"மொதல்லயே சொல்ல மாட்டியா?" என்று கோபித்துக்கொண்டு இரண்டாவதையும் பிடுங்கினார்.

இரண்டாம் வீடு இருண்டது. அதில் குடியிருந்த ஆறு குடித்தனமும் ஒரே நொடியில் நடுத்தெருவுக்கு வந்தன. ஆனால் வீடே படுத்தால் ராகு பார்க்காமல் குடித்தனங்களை வேறு வீட்டில் எழுப்பச் சந்திரகலா தனியாக வைத்திருந்த ஏற்பாடு வேலை செய்தது: மூன்றே நிமிஷத்தில் ஆறும் மற்ற இரண்டு வீடுகளில் மறுபடி எழுந்து உட்கார்ந்தன. மெயின் முதல் வீட்டில் அசையாமல் இருந்தது. ஆகையால் காப்பி அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காமல் மூன்றாம் வீட்டுக்குப் போனது. இணையத்தளம் ஒரு நொடியும் நிற்கவில்லை.

"பாத்தீங்களா பாஸ்? ரெண்டும் சேந்து இருந்து, அந்த வீட்டு ஒயரை நீங்க புடுங்கியிருந்தா, இன்னைக்கி ஊர்ல ஒருத்தனுக்கும் பொண்ணு கெடைச்சிருக்காது."

கண்ணப்பன் முதல் தடவையாக அந்தப் பிரிவினையை மரியாதையோடு பார்த்தார். பெரிய மனசோடு ஒயர்களை மாட்டினார். பத்து நிமிஷத்தில் இரண்டாம் வீடு எழுந்தது. வாசல் தெளித்துக் கோலம் போட்ட மாதிரி பளிச்சென்று, ஒரு குடித்தனமும் இல்லாமல் காலியாக.

வம்பு அங்கேதான் ஆரம்பித்தது. முதல் தூணும் மூன்றாம் தூணும் மஞ்சளாகி, மூன்றாவது சிவப்பே ஆகிவிட்டது. கனத்த ஆசாமிகளில் மூன்று பேர் அந்த ஒரு வீட்டில், கூடவே காப்பி. வெள்ளிக்கிழமை மதியம் வேறு. நாட்டிலுள்ள அம்மாக்கள் அத்தனை பேரும் விரதச் சாப்பாட்டை முடித்துவிட்டு மாப்பிள்ளை பார்க்க உட்காரும் நேரம். பக்கத்திலேயே ஒரு வீடு காலியாகக் கிடக்கிறது. பேலன்சரோ கைகட்டி நிற்கிறது.

உஷாராணி போனைக் கையால் பொத்திக்கொண்டு ஓடி வந்தாள்.

"பாஸ், காப்பார் இராஜம்மா ஆன்டி! மாப்ள போட்டோ நெத்தி வரைக்கும்தான் வந்திருக்காம். மீதி மூஞ்சி எப்ப வரும்னு கேக்குறாங்க."

இராஜம்மா மகளுக்காக இதுவரை முந்நூற்றுப் பன்னிரண்டு மாப்பிள்ளைகளைப் பார்த்து முந்நூற்றுப் பன்னிரண்டையும் தள்ளியவர். அவர் ஜோடிப்புறாவைவிட்டுப் போனால் காப்பார், மேரு வட்டாரமே அவர் பின்னால் போய்விடும்.

"ஏன் மாத்தல?" கண்ணப்பன் திரையைப் பார்த்துக் கத்தினார். "ராகு காலம் முடிஞ்சு இருவத்தஞ்சு நிமிஷமாச்சே!"

சந்திரகலா தே தாரிக்கைக் குடித்தாள். அது ஆறி மூன்று மணி நேரமாகியிருந்தது. வேறு வழியில்லை, சொன்னாள்.

"உங்க ராகு முடிஞ்சிருச்சி பாஸ். ஆச்சியோட ராகு இன்னும் இருக்கு."

கண்ணப்பன் திரையை விட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"என் ஆபீஸ்ல ரெண்டு ராகுவா?"

"சூரியன் ஒண்ணு, ராகு ஒண்ணு," என்றபடி இந்திரா ஆச்சி பக்கத்து அறையிலிருந்து வந்தார். கையில் யாரோ ஒரு பையனின் ஜாதகம். "நீங்கதான் கடல் தாண்டி வேற ராகுவ வச்சிருக்கீங்க. இது காரைக்குடியா? ஒண்ணேகால் வரைக்கும் ஒண்ணும் அசையக் கூடாது."

"நாப்பது வருஷமா அந்தக் காலண்டரப் பாத்துத்தான் எல்லாம் செய்றேன்!"

"தெரியுமே. அதுல பாதி விடியல."

கண்ணப்பன் மனைவியிடம் தோற்ற வேகத்தில் சந்திரகலாவிடம் திரும்பினார்.

"சந்திரா, நீ ஏதாவது பண்ணும்மா. ரெண்டு தட்டு தட்டு."

"நான் தொடக்கூடாது பாஸ். தொட்டா லீவு கட்."

"தொடலன்னா இப்படியே ஒண்ணேகால் வரைக்கும் இழுத்துக்கிட்டுக் கெடக்கும். அதுவும் படுத்த மாதிரிதான். அப்பவும் லீவு கட்!"

தொட்டாலும் போச்சு, தொடாவிட்டாலும் போச்சு. சந்திரகலாவுக்குத் திருச்செல்வம் பங்கோரில் தனியாக உட்கார்ந்து இரண்டு தட்டு மீனைச் சாப்பிடும் காட்சி தெரிந்தது. கையைத்தானே கட்டிப்போட்டிருக்கிறார்கள், வாயை இல்லையே. ஆச்சியின் பக்கம் திரும்பினாள்.

"ஆச்சி, ஒரு சந்தேகம். தப்பிக்கவே முடியாத பயணம். ராகு காலத்துலதான் கெளம்பியாகணும். அப்ப உங்க வீடுகள்ல என்ன செய்வீங்க?"

"பரஸ்தானம் வைப்போம்," என்றார் ஆச்சி உடனே. "நல்ல நேரம் இருக்கறப்பவே ஒரு பையையோ துணியையோ பக்கத்து வீட்டுல கொண்டுபோய் வச்சிடணும். பை போயிட்டா பயணம் தொடங்கினதா அர்த்தம். அப்புறம் ஆளு எப்ப வேணாலும் போகலாம்."

"அப்ப அந்தத் திரையில இன்னைக்கிக் காலையில யார் யார் வீடு மாறினாங்கன்னு பட்டியல் இருக்கும். பாருங்க. நான் தொட மாட்டேன்."

ஆச்சி மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, எலிமேல் கை வைப்பவர்போல மௌஸில் கை வைத்தார். பட்டியல் விரிந்தது. மின்னஞ்சல் குடித்தனம், மூன்றாம் வீட்டிலிருந்து முதல் வீட்டுக்கு. நேரம்: பத்து மணி பதினேழு நிமிஷம்.

ஆச்சி வக்கீல் மாதிரி விசாரணையைத் தொடங்கினார்.

"பத்து பதினேழு. அவர் ராகுவுக்கும் முன்னாடி, என் ராகுவுக்கும் முன்னாடி. சரி. கனமான ஆளா?"

"இருக்கிறதுலயே சின்னது ஆச்சி. கைப்பைதான்."

"யார் அனுப்பினது? நீயா?"

"நான் சோபாவுல இருந்தேன். அதுவா போச்சு."

"தானாவே போச்சா? அது இன்னும் விசேஷம். போன வீடு பக்கத்து வீடா?"

"ஒரே அலமாரி ஆச்சி. கையை நீட்டுனா தொடலாம்."

இந்திரா ஆச்சி கண்ணை மூடி, விரல் கணுக்களில் ஏதோ எண்ணினார். மூன்றாம் வீட்டுச் சிவப்புத் தூண் இன்னும் ஒரு விரற்கடை ஏறியது. போனில் இராஜம்மா, 'இப்ப கண்ணு வரைக்கும் வந்திருச்சி, ஒண்ணரக்கண்ணு மாதிரி இருக்கே' என்று நேரடி வர்ணனை கொடுத்துக்கொண்டிருந்தார்.

"செல்லும்," என்றார் ஆச்சி. "மூணாம் வீட்டுக்குப் பரஸ்தானம் ஆயாச்சு. அந்த வீட்டுக்காரங்க மட்டும் போகலாம். மொத வீட்டுலேருந்து ஒருத்தரும் அசையக் கூடாது."

"அது போதும்," என்றாள் சந்திரகலா. "யோசனை எழுதித் தயாரா நிக்குது. யாராவது ஒரு விரல் அழுத்தினாப் போதும்."

எல்லோரும் அவள் விரலைப் பார்த்தார்கள். அவள் பத்து விரலையும் குவளையில் ஒட்டவைத்தாள். கண்ணப்பன் பெருமூச்சு விட்டு, மனைவியை எழுப்பிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். ஆனால் மனுஷர் சும்மா இருப்பாரா? திரையில் காப்பியைப் பிடித்து இழுத்து, மெயின் இருக்கும் முதல் வீட்டில் விட்டுப் பார்த்தார்.

"மெயினும் காப்பியும் ஒரு தடவயாவது ஒத்துமையா இருக்கட்டுமே."

திரை சிவப்பு எழுத்தில் மறுத்தது. அவர் மறுபடி இழுத்தார். மறுபடி மறுத்தது.

"பரவாயில்லையே, பெண் வீட்டு மாமா மாதிரி விறைப்பா நிக்குது!" என்று சந்தோஷமாகத் தோற்றுப்போய், பேலன்சர் எழுதியிருந்த யோசனைகளில் மூன்றாம் வீட்டுக்கானவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து அழுத்தினார்.

காப்பி முதலில் புறப்பட்டது; காலியாக இருந்த இரண்டாம் வீட்டுக்கு. அதன் பின்னால் இரண்டு கனத்த ஆசாமிகள், சந்தடியே இல்லாமல். மூன்றாம் தூண் சிவப்பிலிருந்து மஞ்சளுக்கும் மஞ்சளிலிருந்து பச்சைக்கும் இறங்கியது. இரண்டாவது எழுந்து அதன் தோளுக்கு வந்து நின்றது. முதல் தூண் மட்டும் இன்னும் மஞ்சள்; அது ஒன்றேகால் வரைக்கும் காத்திருக்கும், அவசரமில்லை.

உஷாராணி போனை விலக்கிக்கொண்டு கத்தினாள்.

"மூஞ்சி முழுசா வந்திருச்சாம் பாஸ்!"

"என்ன சொல்றாங்க?"

"வேணாமாம். அடுத்தத காட்டச் சொல்றாங்க."

கண்ணப்பன் நாற்காலியிலிருந்து எழுந்தபோது அரையடி வளர்ந்திருந்தார். ஆச்சியிடம் சொன்னார், உஷாராணியிடம் சொன்னார், இறங்கிப்போய்ப் புடவைக் கடையிலும் மாலைக் கடையிலும் சொன்னார். மாலைக் கடையை அடைவதற்குள் மூன்று சர்வர் முப்பதாகியிருந்தது. அவர் ஒயரைப் பிடுங்கிய கதை கரைந்து, மின்னல் விழுந்த கதையாகியிருந்தது. "ஒரே விரல் லா! பெரிய கம்பெனிக்காரனெல்லாம் இதுக்கு ஆள் அனுப்புவான் சிங்கப்பூர்லேருந்து!"

ஐந்து மணிக்குச் சந்திரகலா லீவுப் பாரத்தை அவர் மேஜையில் வைத்தாள். கண்ணப்பன் பேனாவை எடுத்தார், யோசித்தார், கீழே வைத்தார்.

"என்னதான் இருந்தாலும் மத்தியானம் ஒரு கை தேவைப்பட்டுச்சே. அது தானா பொழைக்கலியே?"

"தேவப்பட்டுச்சி பாஸ். அது யாரு கை? என் கையா?"

"இல்ல."

"மாலக் கடை வரைக்கும் யாரு கைன்னு தெரியும். அந்தக் கை நான் இல்லாதப்ப இங்கதானே இருக்கப் போவுது?"

தான் வளர்த்துவிட்ட பெருமை தன்னையே மடக்கிப் பிடித்திருப்பது கண்ணப்பனுக்கு விளங்கியது. பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கையெழுத்துப் போட்டார். நாலு நாள் என்றிருந்த இடத்தை ஆச்சி எட்டிப் பார்த்து, பேனாவை வாங்கி, அடித்து, ஐந்து என்று எழுதினார்.

"ஏன் அஞ்சு?" என்றார் கண்ணப்பன் பதறி.

"நாலு நாள் போக. ஒரு நாள், நீங்க போன் பண்ணித் திரும்பக் கூப்பிட்டீங்களேன்னு புருஷன்கிட்டச் சமாதானம் சொல்ல."

"நான் கூப்பிட மாட்டேன்!"

"அப்ப அஞ்சு நாளும் அங்கயே இருக்கட்டும்."

கிள்ளானுக்குப் போகும் கொமுட்டர் ரயிலில் நின்றுகொண்டே சந்திரகலா பாரத்தைப் படமெடுத்துத் திருச்செல்வத்துக்கு அனுப்பினாள். உடனே அழைப்பு வந்தது.

"கலா, இது யாரு கையெழுத்து? நெசமா சொல்லு."

"பாஸோடதுங்க. பக்கத்துல அஞ்சுன்னு இருக்கே, அது ஆச்சியோடது."

அந்தப் பக்கம் ஃபோர்க்லிப்டை நிறுத்தும் ஓசை கேட்டது. பிறகு, இருபத்து மூன்று வருஷக் கல்யாண வாழ்க்கையில் ஒரே மூச்சில் இரண்டு வாக்கியத்துக்குமேல் பேசாத மனுஷர், எந்தச் சட்டை எடுத்துவைக்கலாம், படகில் எந்தப் பக்கம் உட்காரலாம், மீனைப் பொரிக்கச் சொல்லலாமா சுடச் சொல்லலாமா என்று பேச ஆரம்பித்து, ரயில் ஷா ஆலமைத் தாண்டிய பிறகும் நிறுத்தவில்லை.